வேண்டாம், நன்றி

பிரேமர்ஹாஃபன் மீன்துறைமுகத்துக்குப் பின்னால்
பாய்மரத் துணி தைத்த பழைய கிடங்கின் மாடி.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மூன்றரை மணி.
வாசலில் பதினான்கு ஜோடி பூட்ஸ்.
அவை மட்டும்
யாரையும் கேட்காமல்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

விப்கே விதிகளைச் சொல்கிறாள்.
பள்ளியில் கணக்கு நடத்துபவள்,
குரலில் இன்னும் சாக்பீஸ் தூள்.
உடுத்திய உடை உடுத்தியபடி.
கேட்காமல் தொடுவதில்லை.
‘தெரியவில்லை’ என்றால் அது ‘வேண்டாம்’.
சரி என்ற பிறகும் மனம் மாறலாம்,
பாதி அணைப்பில் கையை எடுத்துக்கொள்ளலாம்,
காரணம் யாருக்கும் கடன் இல்லை.
எவருக்கேனும் ஆசை மூண்டால்
அது வானிலை. வரும், போகும்.
அதன் பின்னால் ஓட வேண்டாம்.

முதலில் பயிற்சி, எதிரெதிரே அமர்ந்து.
ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும்,
கேட்டவர் நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு எதிரே ஹென்னிங்.
கன்டெய்னர் துறையில் கிரேன் ஓட்டுபவன்.
ஐம்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில்
நாளெல்லாம் தனியாள்.
முப்பது டன் இரும்பை
அடைகாக்க முட்டை வைப்பதுபோல் இறக்குவான்.
“உங்கள் கையைப் பிடிக்கலாமா?”
“வேண்டாம்... மன்னியுங்கள்.”
“அந்த இரண்டாவது சொல் தேவையில்லை” என்றாள் விப்கே.
மறுபடி கேட்டேன்.
“வேண்டாம்.”
“நன்றி.”
ஐம்பத்தாறு வயது முகத்தில்
ஏதோ ஒரு தாழ்ப்பாள் விலகுகிற ஓசை
எனக்குக் கேட்டது.
அல்லது அது கீழே யாரோ சைக்கிளைப் பூட்டியது.

நான் பல் மருத்துவமனையில் இருக்கிறேன்.
நாளுக்குப் பதினெட்டு வாய்கள்.
நாக்கின் அடி வரை தெரியும் எனக்கு,
எல்லாம் கையுறைக்கு அந்தப் பக்கம்.
சென்ற மாதம் என்னைத் தொட்டவர்
பேருந்தில் இடித்த ஒரே ஒருவர்.
அவரும் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு மெத்தைகள்.
பெல்மிரா கேட்டாள், “என் தலை, உன் வயிறு, ஆகுமா?”
ஆகும்.
மீன் பதனிடும் ஆலையில் இருந்து வந்த தலை,
எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகாத வாசனை,
எதிர்பார்த்ததைவிடக் கனம்.
தலைக்கு இத்தனை எடை என்று
தூக்கிப் பார்க்காமல் யாருக்குத் தெரியும்.
என் முதுகோடு ட்யார்க்கின் முதுகு.
அவன் மூச்சு என் விலா எலும்பில்
படகு கட்டிய கயிறாக இழுத்துத் தளர்ந்தது.
ஒரு வயிறு கடமுடவென்றது. யாருடையதோ.
சிரிப்பு ஒரு தோளில் ஏறி
இன்னொரு இடுப்பில் இறங்கி
என் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது.

கெஷே பத்து நிமிடத்தில் எழுந்து போனாள்.
மப்ளரை மறந்து திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதும் இங்கே
ஒரு போர்வை.

வெளியே வேசர் ஆற்றுக்கு ஓர் அணை,
புல் மூடிய நீண்ட முதுகு, மேலே ஆடுகள்.
உள்ளே பதிமூன்று பேர்.
அணைப்பது வெள்ளத்தைத் தடுக்கவா
விளக்கை அவிக்கவா
என்று யோசித்தேன்.
பிறகு யோசிக்கவில்லை.
கால் மரத்துப் போயிருந்தது.

சுவரோரம் தேநீரோடு இருந்த ஹென்னிங்
ஐந்து மணிக்கு எழுந்து வந்தான்.
மேலிருந்தே எங்களைப் பார்த்தான்,
எங்கே இறக்குவது என்று அளப்பவனாக.
“என் குதிகாலை
யாருடைய குதிகாலோடாவது
வைக்கலாமா?”
மூன்று பேர் சரி என்றார்கள்.
ஒருவர் வேண்டாம் என்றார்.
அவருக்கு மட்டும் அவன் உரக்க நன்றி சொன்னான்.
கம்பளிக் காலுறை. பெருவிரலில் ஓட்டை.

திங்கள் காலை, திருமதி ஓக்கெங்கா,
கீழ்க்கடைவாய்ப் பல்.
கண்ணாடியை நீட்டுமுன் கேட்டேன்:
“ஆரம்பிக்கலாமா?”
வழக்கமாகவும் கேட்பதுதான்,
பதிலுக்குக் காத்திருந்ததில்லை.
அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“இன்று வேண்டாம்” என்றார்.
நன்றி என்றேன்.
நாற்காலியை நிமிர்த்தினேன்,
கழுத்தில் கட்டிய காகிதத்தை அவிழ்த்தேன்.

டாக்டர் உள்ளே வந்து
காலி நாற்காலியையும் என்னையும் பார்த்து
யார் அவரை அனுப்பியது என்கிறார்.